முதல் பதிலை எழுதுவது யார்?

வானம் பார்ப்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கான ஓர் இணையக் குழு. புதிதாகச் சேர்ந்த ஒருவர் சில நாள் சத்தமில்லாமல் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் இரவு, தன் சின்னத் தொலைநோக்கியின் மேல் கைபேசியை வைத்து எடுத்த மங்கலான படம் ஒன்றைப் போட்டார். "இது சனிக்கோளா? இரண்டு பக்கமும் காது மாதிரி ஏதோ தெரிகிறது. தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்" என்று கீழே எழுதியிருந்தார். குழுவில் ஆயிரக்கணக்கானோர் இருந்தோம். நிறையப் பேர் படத்தைப் பார்த்ததும் தெரிந்தது. பதில் ஒன்றுகூட வரவில்லை. அவரும் அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை.

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். யாராவது பதில் சொல்வார்கள் என்று நினைத்துக் கடந்துபோய்விட்டேன். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அந்த "யாராவது" என்ற ஒரு சொல்லால்தான் பெரும்பாலான இணையக் குழுக்கள் சோர்ந்துபோகின்றன. அதை "இன்னார்" என்று மாற்றுவதற்குத்தான் தன்னார்வலர்கள் வேண்டும். ஒரு குழுவைப் புதிதாக நடத்தத் தொடங்கியிருப்பவர்களுக்காக, இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கலகலப்பு என்றால் என்ன?

உங்கள் குழு எப்படிப் போகிறது என்று கேட்டால் பலரும் உறுப்பினர் எண்ணிக்கையைச் சொல்வார்கள். அது உள்ளே வந்தவர்களின் கணக்கு, அவ்வளவுதான். வந்தவர் மறுபடி வருகிறாரா, கேள்வி கேட்கிறாரா, இன்னொருவருக்குப் பதில் சொல்கிறாரா, பத்து நாள் வராவிட்டால் "ஆளைக் காணோமே" என்று யாருக்காவது தோன்றுகிறதா? ஈடுபாடு என்று நான் சொல்வது இதைத்தான்.

எல்லாரும் எழுத மாட்டார்கள் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்வது நல்லது. இணையப் பயன்பாட்டு வல்லுநரான ஜேக்கப் நீல்சன் 2006-இல் ஒரு தோராயக் கணக்கைச் சொன்னார். நூறு பேரில் 90 பேர் படிப்பதோடு சரி. 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள். மிச்சமுள்ள ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதுவார். எல்லாக் குழுவுக்கும் இது அப்படியே பொருந்தாது, சின்னக் குழுக்களில் பேசுபவர்கள் இதைவிட அதிகமாகவே இருப்பார்கள். படிக்க மட்டும் வருபவர்களைக் குறை சொல்லவும் தேவையில்லை, படித்துப் பயன்பெறுவதும் ஒருவகைப் பங்கேற்புதான். "ஏன் எல்லாரும் மௌனமாக இருக்கிறீர்கள்?" என்று அட்மின் கோபித்துக்கொண்டு போடும் பதிவைப் பார்த்து ஒருவர் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை. நம் கவனம் போக வேண்டியது, ஏதோ சொல்ல நினைத்து, எழுதி, அழித்து, மறுபடி எழுதித் தயங்கி நிற்பவரிடம்.

தன்னார்வலர் என்றால் யார்?

சம்பளம் வாங்காமல் குழுவுக்காக வேலை செய்பவர் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஆர்வமாக எழுதும் சாதாரண உறுப்பினரும் சம்பளம் வாங்குவதில்லையே? வித்தியாசம் பொறுப்பில் இருக்கிறது. ஆர்வலர் மனம் வந்தால் எழுதுவார். தன்னார்வலர் "இந்த வாரம் இது என் பாடு" என்று ஏற்றுக்கொண்டவர். அவர் பார்க்காவிட்டால் அந்த வேலை நடக்காது என்பது அவருக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தன்னார்வலர் என்றதும் பலருக்கு மட்டுறுத்துனர்தான் நினைவுக்கு வருவார்: விளம்பரத்தை நீக்குவது, சண்டைக்காரரை வெளியேற்றுவது, விதியை நினைவூட்டுவது. அதுவும் தேவையான வேலைதான். ஆனால் தகராறு செய்பவரை வெளியே அனுப்புபவர் வேறு, வந்தவரை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பவர் வேறு. முதல் வேலைக்கு ஆள் போட்டுவிட்டு இரண்டாவதை மறந்துவிட்டால் குழு சுத்தமாக இருக்கும், சத்தமே இருக்காது. ஒருவரையே இரண்டுக்கும் வைப்பதையும் நான் விரும்ப மாட்டேன். காலையில் நாலு பதிவுகளை நீக்கியவருக்கு மாலையில் புதியவரிடம் இனிமையாகப் பேசும் மனநிலை வருவது கடினம்.

அந்த முதல் பதில்

சனிக்கோள் படத்துக்கு வருவோம். சில மாதம் கழித்து ஏறக்குறைய அதே போன்ற படம், அதே தயக்கத்தோடு, இன்னொரு புதியவரிடமிருந்து வந்தது. இந்த முறை புதியவர்களின் பதிவுகளைப் பார்த்துக்கொள்வது யார் என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தோம். அந்த வாரப் பொறுப்பில் இருந்த பெண் எழுதிய பதில் இது:

"சனியேதான், சந்தேகமே வேண்டாம். நீங்கள் சொல்லும் காதுதான் வளையம். 1610-இல் கலிலியோ தொலைநோக்கியில் பார்த்தபோது அவருக்கும் அது வளையம் என்று புரியவில்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருண்டைகள் இருப்பதாகத்தான் நினைத்தார். கைபேசியைக் கையில் பிடித்தபடியே எடுத்தீர்களா? அப்படியென்றால் இவ்வளவு தெளிவாக வந்ததே பெரிய விஷயம். எந்த ஐபீஸ் போட்டிருந்தீர்கள்?"

இந்தச் சில வரிகளில் நிறைய விஷயம் இருக்கிறது. கேட்டவரின் சந்தேகம் முதல் வாக்கியத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அவர் பயன்படுத்திய "காது" என்ற சொல்லைத் திருத்தாமல் அதையே எடுத்துப் பேசுகிறார். கலிலியோவும் அதே இடத்தில் தடுமாறினார் என்று தெரிந்ததும், தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்ற கூச்சம் போய்விடுகிறது. ஃபோகஸ் சரியில்லை என்ற குறையை அவர் எடுக்கவே இல்லை; அதைப் பேச இன்னொரு நாள் இருக்கிறது. கடைசியில், தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸைப் பற்றி ஒரு கேள்வி. படம் எடுத்தவருக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வி, ஒரே வரியில் சொல்லிவிடக்கூடியது. இதனால் பேச வேண்டிய முறை மறுபடி அவருடையதாகிவிடுகிறது. அவர் பத்து நிமிடத்தில் பதில் எழுதினார். ஐபீஸ் விவரத்தைப் பார்த்துவிட்டு இன்னும் மூன்று பேர் பேச்சில் சேர்ந்துகொண்டார்கள்.

இதற்குப் பதிலாக "குழுவுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்! விதிமுறைகளைப் படித்துவிட்டுப் பங்கேற்கவும்" என்று எல்லாருக்கும் ஒட்டும் ஆயத்த வாசகத்தை ஒட்டியிருந்தால்? படித்துவிட்டு அவர் திரும்பிச் சொல்ல எதுவும் இருந்திருக்காது. அந்த வாசகத்தை ஒரு தானியங்கி நிரலே போட்டுவிடும், அதற்கு மனிதர் வேண்டாம்.

முதல் பதிவுக்குப் பதில் கிடைத்தவர்கள் மறுபடி எழுத வாய்ப்பு அதிகம் என்பது அனுபவத்தில் மட்டும் தெரிவதில்லை. இணையத்தின் ஆரம்பகால உரையாடல் களமான யூஸ்நெட்டின் செய்திக்குழுக்களில் புதிதாக எழுதியவர்களைப் பின்தொடர்ந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்விலும் அதுவே தெரியவந்தது. எனவே ஒரே ஒரு தன்னார்வலர்தான் கிடைப்பார் என்றால், அவரை இந்த வேலைக்குத்தான் வைப்பேன்: முதன்முதலாக எழுதும் எவருக்கும் ஒரு நாளுக்குள் மனிதர் எழுதிய பதில் ஒன்று போக வேண்டும்.

விடை தெரியாத கேள்வி வந்தால்? தெரியாது என்று சொல்லலாம், ஆனால் அத்தோடு நிற்கக் கூடாது. "எனக்கு இது பழக்கமில்லை. இந்தக் கேமராவை வைத்திருக்கும் இன்னொருவர் இங்கே இருக்கிறார், அவரைக் கூப்பிடுகிறேன்" என்று எழுதி, அந்த உறுப்பினரின் பெயரைச் சுட்டிவிட்டால் போதும். கேட்டவருக்கு நாதி கிடைத்தது. கூப்பிடப்பட்டவருக்குத் தன்னை யாரோ நினைவில் வைத்திருக்கிறார்கள் என்ற மகிழ்ச்சி. சொல்லப்போனால் பல சமயம் விடை தெரிந்தாலும் இப்படிச் செய்வதே மேல். எல்லாக் கேள்விக்கும் தன்னார்வலரே முழு விடையையும் சொல்லிக்கொண்டிருந்தால் குழு ஒரு விசாரணைக் கவுண்டராகிவிடும், மற்றவர்கள் பேச இடமே இருக்காது. பாதியைச் சொல்லிவிட்டு மீதியைக் குழுவுக்கு விடத் தெரிந்தவர்தான் இந்த வேலையில் தேர்ந்தவர்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு முறை எல்லாரும் சேர்ந்து பேச ஒரு கேள்வி போடலாம். நேற்றுச் சேர்ந்தவரும் ஒரு வரியில் பதில் சொல்லும்படி அது இருக்க வேண்டும். "விண்மீன் கூட்டங்களின் பரிணாமம் பற்றி உங்கள் கருத்து?" என்றால் இருவர்தான் வருவார்கள். "இந்த வாரம் மொட்டைமாடியிலிருந்து என்ன தெரிந்தது?" என்றால் மேகம் மட்டும் பார்த்தவரும் வருவார். அடிக்கடி வரும் கேள்விகளையும் நல்ல பதில்களையும் தொகுத்து வைக்கலாம். ஒரே ஆர்வம் கொண்ட இருவரை அறிமுகப்படுத்திவைக்கலாம். ஆள் கூடக் கூட இவை தானாகச் சேர்ந்துகொள்ளும்.

ஒரு கேள்வி எங்கே கொண்டுபோய் விடும்

பதில் சொல்வது சின்ன வேலையாகத் தெரிந்தால், கேலக்ஸி ஸூ திட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2007 ஜூலையில் வானியலாளர்கள் சிலர், லட்சக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் படங்களை இணையத்தில் வைத்து, அவற்றைச் சுருள் வடிவம், நீள்வட்ட வடிவம் என்று பிரித்துத் தரும்படி பொதுமக்களைக் கேட்டார்கள். வந்தவர்கள் பேசிக்கொள்ள ஓர் உரையாடல் களமும் திறக்கப்பட்டது. ஹான்னி வான் ஆர்கல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஒரு படத்தில் விநோதமான நீலத் திட்டைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். யாருக்கும் உடனே விடை தெரியவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை யாரும் அப்படியே விட்டுவிடவில்லை. பக்கத்து விண்மீன் மண்டலத்தின் மையம் முன்பு மிகப் பிரகாசமாக இருந்தபோது வீசிய கதிர்களால் ஒளிரும் பிரமாண்டமான வாயு மேகம் அது என்று பிறகு தெரியவந்தது. இன்று அதற்கு "ஹான்னியின் வோர்வெர்ப்" என்று பெயர். டச்சு மொழியில் வோர்வெர்ப் என்றால் ஏதோ ஒரு வஸ்து, அவ்வளவுதான்.

அதே களத்தில் வேறு சிலர், படங்களில் அங்கங்கே தெரிந்த பச்சை நிறப் புள்ளிகளை விளையாட்டாகப் பட்டாணி என்று பெயர் வைத்துச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். அவை சிறியனவாக இருந்தாலும் மிக வேகமாக விண்மீன்களை உருவாக்கும் ஒரு தனி வகை விண்மீன் மண்டலங்கள் என்று 2009-இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. "பச்சைப் பட்டாணி" என்ற பெயரே வானியலில் நிலைத்துவிட்டது. "இந்த நீலத் திட்டு என்ன?" என்பதும் "இது சனிக்கோளா?" என்பதும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். ஒன்றுக்குப் பதில் கிடைத்தது.

ஆளை எப்படிப் பிடிப்பது

"குழுவுக்குத் தன்னார்வலர்கள் தேவை. விருப்பமுள்ளவர்கள் தொடர்புகொள்ளவும்" என்ற அறிவிப்பு பெரும்பாலும் வீண். அங்கேயும் அதே "யாராவது"தான். போதாததற்கு, பதவி ஆசையில் வருபவர்கள்தான் முதலில் கை தூக்குவார்கள்.

உங்களுக்குத் தேவையானவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். கடந்த இரண்டு மூன்று மாதப் பதிவுகளை உட்கார்ந்து படியுங்கள். யாரும் கேட்காமலே புதியவர்களுக்குப் பதில் எழுதியவர் யார்? சண்டை சூடாகும்போது பேச்சைத் திருப்பியவர் யார்? அதிகமாக எழுதுபவரைத் தேட வேண்டாம், அடுத்தவர் சொன்னதைப் படித்துவிட்டு எழுதுபவரைத் தேடுங்கள். இருவரும் பல சமயம் வேறு வேறு ஆட்கள். நன்றாக விஷயம் தெரிந்தவரைவிட, போன வருடம் தானும் திணறியதை மறக்காதவர் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துவார்.

அவருக்குத் தனியாக எழுதுங்கள். எதைப் பார்த்து அவரைக் கேட்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்: "போன வாரம் அந்தப் பையனுக்கு முக்காலி பற்றி நீங்கள் பொறுமையாக விளக்கியதைப் படித்தேன். அடுத்த மாதம் முழுவதும், செவ்வாயும் வியாழனும் மட்டும், புதியவர்களின் பதிவுகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா? மாதம் முடிந்ததும் தொடர்வதா வேண்டாமா என்று நீங்களே சொல்லலாம்." வேலை இன்னது, நாள் இன்னது, முடிவு இன்ன தேதி என்பது தெளிவாக இருக்கிறது. முடிவுத் தேதி இல்லாத பொறுப்பை ஏற்க நல்லவர்களும் தயங்குவார்கள். ஏற்றவர்களும் விலக வழி தெரியாமல் ஒருநாள் சொல்லாமல் காணாமல் போவார்கள்.

பட்டத்தையும் அதிகாரத்தையும் முதல் நாளே கையில் கொடுக்க வேண்டாம். புதியவருக்குப் பதில் எழுத எந்த அதிகாரமும் தேவையில்லை. ஒன்றிரண்டு மாதம் போகட்டும்.

அப்புறம், தன்னார்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு சின்னத் தனி அறை வேண்டும். "இதற்கு என்ன சொல்வது?" என்று கேட்கவும், "இன்று என்னால் முடியாது, நீங்கள் பாருங்கள்" என்று சொல்லவும் இடம் இருந்தால் பாதிப் பாரம் குறைந்துவிடும். யாராவது தனிச்செய்தியில் தொல்லை கொடுத்தால் அதைத் தன்னார்வலரே சமாளிக்க வேண்டியதில்லை, உடனே அட்மினிடம் தள்ளிவிடலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொந்தத் தொலைபேசி எண்ணையும் அவர் யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை.

சறுக்கும் இடங்கள்

தன்னார்வத்தை இலவச உழைப்பாக நினைப்பதுதான் பெரிய தவறு. 1990-களில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனத்தின் அரட்டை அறைகளையும் உரையாடல் பலகைகளையும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் நடத்தினார்கள். இணையத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டிய காலம் அது, அவர்களுக்கு இலவச இணைப்பு கிடைத்தது. ஆனால் பயிற்சி, நேர ஒதுக்கீடு, வேலை நேரப் பதிவு, அறிக்கை என்று எல்லாம் ஊழியர்களுக்குப் போலவே இருந்தன. 1996 கடைசியில் நிறுவனம் ஒரே மாதக் கட்டணத்துக்கு மாறியதும் இலவச இணைப்பின் மதிப்பு வெகுவாகக் குறைந்துபோனது. 1999-இல் முன்னாள் தன்னார்வலர்கள் சிலர், தாங்கள் செய்தது சம்பளம் தர வேண்டிய வேலை என்று வழக்குத் தொடுத்தார்கள். பல ஆண்டு இழுத்த வழக்கு 2010-இல் 1.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ஷிஃப்ட் போட்டு, கணக்குக் கேட்டு, வராததற்கு விளக்கமும் கேட்க ஆரம்பித்துவிட்டால், அது வேலை. வேலைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். குழு லாபத்துக்காக நடக்கிறதென்றால் இந்த எல்லைக்கோட்டை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சறுக்கல், தன்னார்வலர்கள் காவல்காரர்களாகவே மாறிவிடுவது. ஆங்கில விக்கிப்பீடியாவில் துடிப்பாகத் தொகுப்பவர்களின் எண்ணிக்கை 2007-இல் உச்சத்தைத் தொட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் சரிந்தது. விஷமத் திருத்தங்களைத் தடுக்க வந்த கருவிகளும் கடுமையான நடைமுறைகளும், நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் திருத்தங்களையும் சேர்த்துத் தள்ளிவிட்டன. முதல் முயற்சியே அழிக்கப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. "புதியவர்களைக் கடிக்காதீர்கள்" என்று ஒரு வழிகாட்டுதலே அங்கே உண்டு. பிறகு 2012-இல், புதியவர்கள் தயங்காமல் கேள்வி கேட்பதற்கென்றே "டீஹவுஸ்" என்ற தனி இடத்தைத் தொடங்கினார்கள். பதில் சொல்ல அனுபவமுள்ள தன்னார்வலர்கள் அங்கே இருப்பார்கள். பெயர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவாகப் பேசும் இடத்துக்கு "ஆலமரத்தடி" என்று பெயர். அந்தப் பெயரைப் பார்த்தாலே உட்கார்ந்து பேசத் தோன்றும்.

தன்னார்வலர்களைக் கேட்காமல் மேலே முடிவெடுப்பதும் ஆபத்து. 2023 ஜூனில், ரெடிட் என்ற உரையாடல் தளத்தை நடத்தும் நிறுவனம், அதைப் பயன்படுத்த மற்றவர்கள் உருவாக்கிய வெளிச் செயலிகளுக்குப் புதுக் கட்டணம் கொண்டுவந்தபோது, ஆயிரக்கணக்கான குழுக்களைத் தன்னார்வ மட்டுறுத்துனர்கள் பூட்டிவிட்டார்கள். உங்கள் குழு சின்னதுதான். ஆனாலும் விதியை மாற்றும் முன் இவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அன்றாடம் குழுவின் வாசலில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

நன்றி, ஓய்வு

விக்கிப்பீடியாவில் நல்ல வேலை செய்தவருக்கு இன்னொரு பயனர் "பார்ன்ஸ்டார்" என்ற நட்சத்திரத்தைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. காசு கிடையாது, ஒரு படமும் இரண்டு வரியும்தான். அதிகம் பங்களித்தவர்களில் சிலரை மட்டும் தேர்ந்து இந்த நட்சத்திரத்தைக் கொடுத்துப் பார்த்த ஒரு பரிசோதனை 2012-இல் வெளியானது. பெற்றவர்கள், பெறாதவர்களைவிடத் தெளிவாகவே அதிகம் பங்களித்தார்கள். அந்த இரண்டு வரியில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் முக்கியம் என்பேன். "தன்னார்வலர்கள் அனைவருக்கும் நன்றி" என்றால் யாருக்கும் போய்ச் சேராது. "நீங்கள் கலிலியோவைச் சொன்னீர்களே, அந்தப் பதிலால்தான் அவர் இன்னும் இங்கே இருக்கிறார்" என்று எழுதினால் அது பல மாதம் மனசில் இருக்கும்.

களைப்பு வருவதற்கு அடையாளம் உண்டு. வழக்கமாக நாலு வரி எழுதுபவர் ஒரு வரியில் முடிப்பார். "ஏற்கெனவே சொன்னோமே" என்று எழுத ஆரம்பிப்பார். அப்போது அறிவுரை வேண்டாம், ஒரு மாத விடுப்பைக் கொடுங்கள். ஒரே வேலைக்கு இருவரைப் பழக்கி வைத்திருந்தால் இது சுலபம்.

ஏற்பாடு பலிக்கிறதா என்று பார்க்கப் பெரிய புள்ளிவிவரம் எதுவும் வேண்டாம். மாதக் கடைசியில் மூன்றை எண்ணுங்கள். முதன்முதலாக எழுதியவர்களில் எத்தனை பேருக்குப் பதிலே போகவில்லை? எத்தனை பேர் இரண்டாவது முறை எழுதினார்கள்? பதில்களில் எத்தனை, தன்னார்வலர் அல்லாதவர்களிடமிருந்து வந்தன? மூன்றாவது எண்ணைத்தான் நான் ஆவலோடு பார்ப்பேன். அது கூடக் கூட, தன்னார்வலர்கள் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொள்ளலாம்.

எங்கள் குழுவில் சமீபத்தில் ஒரு புதியவர் தன் முதல் சனிக்கோள் படத்தைப் போட்டார். அந்த வாரப் பொறுப்பில் இருந்தவர் பார்ப்பதற்குள் பதில் வந்துவிட்டது: "எனக்கும் முதலில் காது மாதிரிதான் தெரிந்தது." எழுதியவர், கலிலியோ பதிலைப் பெற்ற அதே மனிதர். அடுத்த மாதம் ஒரு வாரம் பொறுப்பேற்க முடியுமா என்று அவரிடம் தனியாகக் கேட்டோம். வாரம் முழுக்க முடியாது, இரண்டு நாள் வேண்டுமானால் பார்க்கிறேன் என்றார். சரி என்றோம். சனியும் ஞாயிறும் இப்போது அவர் பாடு.